தங்கவயலில் யார் என்ன வேலை செய்தார்கள்?

கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசுகிற எவரும் அங்கே உழைத்தவர்களைச் 'சுரங்கத் தொழிலாளர்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுவது வழக்கம். பேச்சுக்கு அது போதும். ஆனால், தம் தாத்தா அங்கே வேலை பார்த்தார் என்று சொல்கிற ஒருவரிடம், 'சுரங்கத்தில் அவருக்கு என்ன வேலை?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் அந்த இடத்தில் நின்றுவிடும். அவர் பாறையில் துளையிட்டவராக இருக்கலாம், உடைந்த கல்லை அள்ளியவராக இருக்கலாம், மேலே இயந்திரத்தின் பிடியில் கைவைத்து மனிதர்களை இறக்கி ஏற்றியவராக இருக்கலாம், அல்லது ஒரு நாளும் பூமிக்குள் இறங்காமல் உளிகளைக் காய்ச்சிக் கூராக்கியவராகவும் இருக்கலாம். அந்த விடையைப் பொறுத்து அவருடைய கூலியும், அவர் குடியிருந்த வீடும், அவருக்கு வந்த நோயும் மாறும். தம் வாழ்நாளில் அவர் அந்தச் சுரங்கத்தின் தங்கத்தைக் கண்ணால் கண்டாரா என்பதுகூட மாறும்.

ஒரு பழைய தொழில் நகரத்தை அறிய விரும்புகிறவர் அதன் முதலாளிகளின் பெயர்களிலிருந்தும் உற்பத்திக் கணக்கிலிருந்தும் தொடங்குவதைவிட, அங்கிருந்த வேலைகளிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. எந்த வேலைக்கு அடுத்து எந்த வேலை வந்தது, ஒருவர் கையிலிருந்து பொருள் யார் கைக்குப் போனது, யாரை யார் மேற்பார்த்தார் என்று தெரிந்துகொண்டால், நகரத்தின் தெருக்களும் சங்கங்களும் நோய்களும் தாமாகவே விளங்கத் தொடங்கும். தங்கவயல் இதற்கு ஏற்ற இடம்; ஏனென்றால் அங்கே எல்லா வேலைகளும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன.

முதலில் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் அருகே அமைந்த இந்தப் பகுதி அன்று மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பழங்காலத்திலேயே இங்கே குழி தோண்டித் தங்கம் எடுத்திருக்கிறார்கள். 1870களில் மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ்காரர் சமஸ்தானத்திடம் சுரங்க உரிமை பெற்றார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வாகத்துக்கு வந்தபின் சுரங்கத் தொழில் வேரூன்றியது. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க் என்று தனித்தனிக் கம்பெனிகளின் பெயரில் சுரங்கங்கள் இயங்கினாலும் நிர்வாகம் அந்த ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 1956இல் அவை அரசுடைமையாயின; 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அந்த நூற்றிருபது ஆண்டுகளில் அங்கிருந்து ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது.

உழைப்பவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழ் பேசும் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்; ஊரில் நிலமில்லாமல், பிறருடைய வயலில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். இன்றும் தங்கவயலின் தெருக்களில் தமிழ் ஒலிப்பதற்குக் காரணம் இந்த வருகைதான்.

ஒரு கல்லின் வழி

வேலைகளைப் புரிந்துகொள்ள எளிய வழி, ஒரு கல்லைப் பின்தொடர்வது. தங்கவயலின் தங்கம் ஆற்று மணலில் மின்னும் துகள் அன்று. கடினமான கரும்பாறைக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் படிவத்தில், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்திருப்பது. தொடக்க ஆண்டுகளில் ஒரு டன் கல்லிலிருந்து 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் அது ஏறக்குறைய 3 கிராமாகக் குறைந்துவிட்டது. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகும். 3 கிராமுக்காக ஒரு டன் பாறையை ஆழத்தில் உடைத்து, அள்ளி, தள்ளி, மேலே ஏற்றி, பொடியாக்க வேண்டும் என்றால், தங்கச் சுரங்கத்தின் வேலைகளில் மிகப் பெரும்பகுதி உண்மையில் கல் சுமக்கும் வேலையாகத்தான் இருக்க முடியும்.

வேலை சங்கொலியோடு தொடங்கியது. சுரங்கத்துக்கு இரவு பகல் இல்லை என்பதால் நாள் முழுவதும் ஷிப்டு ஷிப்டாக ஆட்கள் இறங்கினார்கள். இறங்குகிறவர் முதலில் தம் எண் பொறித்த வில்லையைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஷிப்டு முடிந்தபின் யாருடைய எண் திரும்பவில்லையோ அவர் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் எழுத்தர், விளக்குகளைத் துடைத்து எண்ணிக் கொடுக்கும் விளக்கறை ஆள் ஆகியோர் கல்லைத் தொடாதவர்கள். ஆனால் விபத்து நாளில் எல்லாரும் முதலில் ஓடிவந்து நின்றது அவர்களுடைய ஜன்னலுக்கு எதிரேதான்.

அடுத்து, ஷாஃப்டின், அதாவது பூமிக்குள் இறங்கும் சுரங்கக் கிணற்றின், வாயில். கூண்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று பார்த்து, கதவை அடைத்து, மணியடித்துச் சைகை கொடுப்பவர் ஒருவர். அந்த மணியின் எண்ணிக்கையைக் கேட்டு, சற்றுத் தொலைவில் உள்ள இயந்திர வீட்டில் இருந்தபடி கூண்டை இறக்குபவர் வைண்டிங் இன்ஜின் டிரைவர். இந்த இரண்டாமவரின் வேலையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்குக் கூண்டு தெரியாது. அதில் இருக்கும் ஆட்களும் தெரிய மாட்டார்கள். எதிரே சுழலும் உருளையில் கம்பிவடம் எவ்வளவு அவிழ்ந்திருக்கிறது என்று காட்டும் குறிமுள்ளும், மணியோசையும்தான் அவருக்குக் கண். சாம்பியன் ரீப் சுரங்கம் கடைசியில் 10,000 அடிக்கும் கீழே, அதாவது மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கியது. அவ்வளவு ஆழத்துக்கு ஒரே வடத்தில் இறங்க முடியாததால், ஒரு ஷாஃப்டில் பாதி தூரம் போய், நடந்து, அடுத்த ஷாஃப்டில் மீண்டும் கூண்டேற வேண்டியிருந்தது. ஆகவே பூமிக்குள்ளேயும் வைண்டிங் இன்ஜின்களும் அவற்றை ஓட்டுபவர்களும் இருந்தார்கள்.

துளை, மருந்து, கல்

கீழே முதல் வேலை துளையிடுவது. தொடக்கத்தில் ஒருவர் உளியைப் பிடிக்க மற்றவர் சம்மட்டியால் அடித்துத் துளை போட்டார்கள். பிறகு அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக் கருவிகள் வந்தன. ஜாக்ஹேமர் என்ற பெயர் அப்படியே தமிழில் புழங்கியது. துளை எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்தில், ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளியில் இருக்க வேண்டும் என்பது அனுபவத்தால் மட்டுமே வரும் அறிவு. நடுவில் உள்ள துளைகள் முதலில் வெடித்து ஒரு பள்ளத்தை உண்டாக்க வேண்டும். சுற்றியுள்ளவை பின்னால் வெடித்துக் கல்லை அந்தப் பள்ளத்தை நோக்கித் தள்ள வேண்டும். இந்தக் கணக்குத் தவறினால் வெடிமருந்து வீணாகும், கல் உடையாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் இதைத் தலைக்குள்ளேயே போட்டுச் செய்தார் என்பதை 'கூலி' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

இதே வேலைதான் நுரையீரலைத் தின்றது. குவார்ட்ஸைத் துளைக்கும்போது கிளம்பும் நுண்துகள் சிலிக்கா. அது நுரையீரலில் படிந்து திசுவைத் தழும்பாக்கி இறுக்கிவிடும். படிந்ததை வெளியேற்ற வழியில்லை. இதுவே சிலிக்கோசிஸ். இருமலும் மூச்சிரைப்பும் இருப்பதால் காசநோய் என்று எண்ண இடமுண்டு, அதனோடு காசநோயும் சேர்ந்து வருவதும் உண்டு. துளைக்கும்போதே நீரைப் பாய்ச்சித் தூசியை அடக்கும் முறை பிற்பாடு பரவியது. ஆனாலும் 1940களில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், சோதிக்கப்பட்ட தங்கவயல் தொழிலாளர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களிடம் இந்நோய் காணப்பட்டது. தொழில்நோய் என்ற கருத்தே இந்தியாவில் புதிதாக இருந்த காலத்தில், சிலிக்கோசிஸ் பற்றிய நம் நாட்டு அறிவின் தொடக்கங்களில் ஒன்று தங்கவயலிலிருந்து வந்தது.

துளை போட்டபின் வெடிப்பவர் வருவார். டைனமைட் குச்சிகளைத் துளைக்குள் செருகி, திரி வைத்து, களிமண்ணால் அடைத்து, எல்லாரும் விலகிய பிறகு பற்றவைப்பது அவர் பொறுப்பு. பெரும்பாலும் ஷிப்டின் முடிவில்தான் வெடி வைப்பார்கள். புகை அடங்க நேரம் வேண்டும் அல்லவா? எத்தனை வெடி கேட்டது என்று எண்ணிக்கொள்வதும் அவர் வேலையே. ஒன்று குறைந்தால், வெடிக்காத மருந்து பாறைக்குள் எங்கோ இருக்கிறது என்று பொருள். அடுத்த ஷிப்டில் வருகிறவர் அதன்மேல் துளைக் கருவியை வைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இதனால்தான் வெடிப்பவரும் துளையிடுபவரும், வெவ்வேறு ஷிப்டில் வேலை செய்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்களாயினும், உயிரால் ஒருவரோடு ஒருவர் பிணைக்கப்பட்டிருந்தார்கள்.

உடைந்த கல்லை மண்வெட்டியாலும் கையாலும் அள்ளி டிராம் வண்டியில் நிரப்புபவர்கள் அடுத்த வரிசை. அதைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு ஷாஃப்டுவரை கொண்டுபோவது டிராம் தள்ளுபவர்களின் வேலை. எண்ணிக்கையில் பெரிய கூட்டம் இதுதான். கூலியில் அடிமட்டமும் இதுதான். ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞர் பெரும்பாலும் இங்கே தொடங்கி, துளைக் கருவியின் உதவியாளாக உயர்ந்து, பிறகு அதை இயக்குபவராக ஆனார். ஏணி இருந்தது, ஆனால் அது எவ்வளவு உயரம்வரை போனது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கல்லை எடுத்தபின் கீழே வெற்றிடம் உண்டாகிறது. அதைத் தாங்குவது தனித் தொழில். தொடக்கத்தில் மரத்தூண்களும் குறுக்குச் சட்டங்களும் அடித்துத் தாங்கினார்கள்; அந்த மரவேலைக்காரர்கள் திறமைக்கேற்ற மதிப்பைப் பெற்றார்கள். ஆழம் கூடக் கூட மரம் போதவில்லை. பல ஆயிரம் அடிப் பாறையின் பளுவால் இறுகிக் கிடக்கும் பாறை, ஓரிடத்தில் வெட்டியதும் அந்த இறுக்கத்தைத் திடீரென்று விடுவித்துக்கொண்டு வெடிக்கும். மருந்தில்லாத இந்த வெடிப்பு தங்கவயலின் தனிப்பெரும் அச்சமாக இருந்தது. அதன் அதிர்ச்சியில் மேலே வீடுகளும் அசையும். எனவே தரைமேல் செதுக்கிய கருங்கற்களைக் கீழே இறக்கி, வெற்றிடத்தில் கற்சுவர்களாக அடுக்கும் முறை பெருகியது. இங்கே வேலைச் சங்கிலி ஒரு வினோதமான வளையம் போடுகிறது: சுரங்கத்திலிருந்து கல்லை ஏற்ற ஒரு படை, அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து கல்லை இறக்க இன்னொரு படை. கற்தச்சர்கள் வெயிலில் செதுக்கிய கல்லை, கீழே கொத்தர்கள் இருளில் கட்டினார்கள்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிக ஆழமான மட்டங்களில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியசையும் தாண்டியது. மேலே காற்றைக் குளிர்வித்துக் கீழே செலுத்தும் ஆலைகள் வந்தபின்தான் அங்கே மனிதர் வேலை செய்வது இயன்றது. காற்றுக்கதவுகளைக் கவனிப்பவர், காற்றுக் குழாய்களை இணைப்பவர், ஊறும் நீரை இறைக்கும் பம்புக்காரர் என்று இன்னும் பல வேலைகள் இதைச் சுற்றி இருந்தன. ஒருநாளும் ஒரு கல்லையும் உடைக்காத இவர்கள் ஒரு ஷிப்டு வராவிட்டால் மற்றவர்களும் இறங்க முடியாது.

தரைமேல்

ஷாஃப்டின் வாயை அடைந்த கல் முதலில் நொறுக்கும் இயந்திரத்துக்கும், பிறகு ஸ்டாம்ப் ஆலைக்கும் போகும். கனத்த இரும்பு உலக்கைகள் வரிசையாக நின்று, இடைவிடாமல் ஏறி இறங்கி, நீரோடு கலந்த கல்லை மாவாக்கும். நம் வீட்டு உரல் உலக்கையைப் பெருக்கிப் பார்த்தால் அதுதான். இரவு பகலாக அடித்த அந்த ஓசையின் அருகில் வேலை செய்தவர்களின் செவி என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த இழப்பை அன்று யாரும் தொழில்நோயாகக் கருதவில்லை.

கல்மாவுக் குழம்பு பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் வழிந்தோடும். பாதரசத்துக்குத் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் இயல்பு உண்டு. தங்கம் தகட்டில் ஒட்டிக்கொள்ள, மாவு ஓடிவிடும். தகட்டில் படிந்த கலவையைச் சுரண்டி எடுத்து, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கினால் தங்கம் மிஞ்சும். ஓடிப்போன மாவிலும் கொஞ்சம் தங்கம் இருக்கும் அல்லவா? அதைப் பெரிய தொட்டிகளில் சயனைடு கரைசலில் ஊறவைத்துக் கரைத்தெடுத்தார்கள். அதன்பிறகும் மிஞ்சிய சக்கையைக் கொட்டிக் கொட்டி உருவானவைதான், தங்கவயலை நெருங்கும்போது தொலைவிலிருந்தே தெரியும் சாம்பல்நிறச் சயனைடு மேடுகள். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் நகரத்தின்மேல் பறக்கிறது. நகரின் நிலத்தோற்றமே ஒரு பணிப்பிரிவின் எச்சம் என்று சொன்னால் மிகையாகாது.

கல்லின் பயணம் உருக்காலையில் முடிகிறது. அங்கே உருக்கி வார்த்த கட்டிகள் பிரிட்டிஷ் காலத்தில் கப்பலேறி லண்டனுக்குப் போயின. மாதிரிகளைச் சோதித்து, எந்த மட்டத்துக் கல்லில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று கண்டு சொல்லும் ஆய்வுக்கூடமும் இங்கேதான். ஆய்வாளரின் ஒரு எண்ணால், கீழே ஒரு பகுதியில் வேலை நீடிப்பதும் நிற்பதும் தீர்மானமாகும்.

இந்த நேர்வரிசைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் ஓடவைத்த பட்டறைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துளையிடும் உளிகள் கடினமான பாறையில் விரைவில் மழுங்கிவிடும். மழுங்கிய உளிகள் கட்டுக்கட்டாக மேலே வரும்; கொல்லர்கள் அவற்றை உலையில் காய்ச்சி, அடித்து, துவைத்து (சூட்டோடு நீரில் தோய்த்துக் கெட்டியாக்கி) கூராக்கிக் கீழே அனுப்புவார்கள். துவைப்பதில் சற்றுக் கூடினால் முனை உடையும், குறைந்தால் மழுங்கும். நிறத்தைப் பார்த்தே பதம் அறியும் இந்தக் கொல்லர்களின் கைத்திறன், கீழே இருந்தவர்களின் அன்றாட வேலையைத் தீர்மானித்தது. இவர்களோடு தச்சர்கள், கொதிகலன் பார்ப்பவர்கள், ஃபிட்டர்கள், வார்ப்புக்காரர்கள் இருந்தார்கள்.

1902இல் ஒரு மாற்றம் வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களில் ஒன்று அது. வரலாற்று நூல்கள் இதைப் பொறியியல் சாதனையாகப் போற்றுகின்றன, சரிதான். வேலைகளின் வரலாற்றில் இதற்கு வேறொரு பொருள் உண்டு. நிலக்கரியும் விறகும் எரித்த நீராவி இயந்திரங்கள் படிப்படியாக விலக, கரி அள்ளியவர்களின் தேவை குறைந்தது. கம்பியாள், மோட்டார் பார்ப்பவர், துணைமின்நிலைய ஆள் என்று அதுவரை கேள்விப்படாத தொழிற்பெயர்கள் தோன்றின.

தங்கத்தைப் பார்த்தவர்களும் பார்க்காதவர்களும்

இப்போது முன்னர் விட்டுவைத்த கேள்விக்கு வருவோம். கீழே கல்லை உடைத்தவர் பெரும்பாலும் தங்கத்தைக் கண்டதில்லை. அவர் கண்டது வெள்ளைக் குவார்ட்ஸ். சங்கிலியின் முடிவை நெருங்க நெருங்கப் பொருள் சிறுத்து விலை பெருத்தது, அதைத் தொடும் ஆட்களின் எண்ணிக்கை சுருங்கியது, காவல் கூடியது. ஸ்டாம்ப் ஆலையிலும் உருக்காலையிலும் பொறுப்பான இடங்கள் நெடுங்காலம் ஐரோப்பியரிடமே இருந்தன. திறமை ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. திருட்டைப் பற்றிய ஐயம் சொல்லப்படாத காரணம். அது யார்மேல் விழுந்தது என்பதை அந்த வேலைப்பகிர்வே காட்டிக்கொடுக்கிறது.

அந்த ஐயத்தைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. சுரங்க வாயில்களில் ஏறி வருபவர்களைச் சோதிப்பதற்கென்று காவல் படை இருந்தது. இதில் பஞ்சாபியர் போன்ற வெளியூரார் அமர்த்தப்பட்டனர். உழைப்பாளிகளோடு மொழியும் உறவும் இல்லாதவர் காவலுக்கு ஏற்றவர் என்ற கணக்கு அது. இன்றும் தங்கவயல் தனிக் காவல் மாவட்டமாக நீடிக்கிறது. சுரங்கம் மூடியும் அந்த ஏற்பாடு மறையவில்லை. 1930இல் தொழிலாளர்கள் எல்லாரும் விரல்ரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் ஆணையிட்டபோது, சுரங்கமே நின்றுபோகும் அளவுக்கு வேலைநிறுத்தம் நடந்தது. அது கூலி உயர்வு கேட்டு எழுந்த போராட்டம் அல்ல. குற்றவாளிகளிடம் எடுக்கும் ரேகையை எங்களிடம் கேட்பதா என்ற கொதிப்பு அதில் இருந்தது.

மேல்படிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஷிப்டை மேற்பார்ப்பவர், அவருக்கு மேல் 'கேப்டன்' என்று அழைக்கப்பட்ட சுரங்க அதிகாரி, அவருக்கும் மேல் கண்காணிப்பாளர். 'கேப்டன்' என்ற பட்டம் ராணுவத்திலிருந்து வந்ததன்று. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலின் தகரம், செம்புச் சுரங்கங்களிலிருந்து வந்தது. அங்கே சுரங்கங்கள் நலிந்தபோது உலகெங்கும் சிதறிய கார்ன்வால் சுரங்கக்காரர்களில் ஒரு பகுதியினர் கோலாருக்கு வந்தார்கள். இத்தாலியர்களும் இருந்தார்கள். இயந்திர வீட்டிலும் பட்டறைகளின் மேற்பார்வையிலும் ஆங்கிலோ இந்தியர்கள் இடம்பெற்றார்கள். தமிழ்த் தொழிலாளி ஏறிய ஏணி நெடுங்காலம் மேஸ்திரி என்ற படியோடு நின்றது. ஒரே ஷாஃப்டில் இறங்கினாலும் இவர்களுடைய வீடுகள் வெவ்வேறு உலகங்களில் இருந்தன: ஒருபுறம் ஓட்டுக்கூரை பங்களாவும் கிளப்பும் கோல்ப் மைதானமும், மறுபுறம் மூங்கில் தட்டிகளால் மறைத்த ஓரறை வீடுகள் வரிசையாக நின்ற 'லைன்கள்'.

யாருக்காக வேலை செய்தார்?

புதிதாகப் படிக்கிறவர்கள் தவறவிடும் ஓர் இடம் உண்டு. கம்பெனியின் சுரங்கத்தில் வேலை செய்தவர் எல்லாரும் கம்பெனியின் ஆட்கள் அல்லர். நிலத்தடி வேலையின் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர்கள் வழியாக நடந்தது. கம்பெனி, வெட்டிய நீளத்துக்கோ ஏற்றிய கல்லின் அளவுக்கோ ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கும். அவர் தம் ஆட்களுக்குக் கூலி கொடுப்பார். ஆட்களைத் திரட்ட அவர் மேஸ்திரிகளை ஊர்களுக்கு அனுப்பி முன்பணம் கொடுத்து அழைத்துவருவார். முன்பணம் வாங்கியவர் அது கழியும்வரை அவருக்குக் கட்டுப்பட்டவர். ஊரில் பண்ணையாரிடம் பட்ட கடனிலிருந்து தப்பி வந்தவருக்கு, இங்கே இன்னொரு கடன் காத்திருந்தது. ஆயினும் ஊர்ப்பண்ணைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லாமல் இல்லை: இங்கே மாதக்கூலி பணமாகக் கைக்கு வந்தது, சாதியின் பெயரால் தெருவில் ஒதுங்கி நிற்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது, வேலை பிடிக்காவிட்டால் அடுத்த சுரங்கத்தின் ஒப்பந்தக்காரரிடம் போக வழி இருந்தது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றி, பிற்காலத்தில் அவருடைய 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்தே வெளிவந்ததற்கு, இந்த மாதக்கூலியும் ஓரளவு காரணம் என்று கருதுகிறேன். சந்தா கட்டுவதற்குக் கையில் காசு வேண்டுமே.

ஒப்பந்த முறை ஒரு கணக்குச் சிக்கலையும் விட்டுச்சென்றது. விபத்தில் இறந்தவர் யாருடைய ஆள், இழப்பீடு யார் தருவது, நோய் எந்தச் சுரங்கத்தில் வந்தது என்ற கேள்விகளுக்கு, பெயர் பதிவேட்டில் ஒப்பந்தக்காரரின் கீழ் இருந்தால் விடை கிடைப்பது கடினம். இன்று ஒரு குடும்பம் தம் முன்னோரின் வேலையைத் தேடினால் கம்பெனி ஆவணத்தில் பெயர் கிடைக்காமல் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

கல்லைத் தொடாத வேலைகள்

பெண்களின் வேலை பெரும்பாலும் தரைமேல் இருந்தது: கல் சுமத்தல், மண் சுமத்தல், கட்டட வேலை, துப்புரவு. அதைவிடப் பெரிய வேலை கணக்கில் ஏறாதது. ஒரே வீட்டில் தந்தை ஒரு ஷிப்டிலும் மகன் வேறொரு ஷிப்டிலும் இருந்தால், உலை ஏறுவது நாளில் எத்தனை முறை? பகலில் தூங்குகிறவருக்காகக் குழந்தைகளை அடக்குவது யார்? நீர் வரும் நேரத்துக்குக் குழாயடியில் நிற்பது யார்? மூன்று ஷிப்டுச் சுரங்கம் என்பது, வீட்டுக்குள் மூன்று ஷிப்டும் ஒருத்தியே பார்ப்பது.

நீரைப் பாலாற்றின்மேல் உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து கொண்டுவந்தார்கள். அதற்கும் ஆட்கள் இருந்தார்கள். பங்களாக்களில் சமையற்காரர், தோட்டக்காரர், ஆயா; மருத்துவமனையில் கட்டுப்போடுபவர்; ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் கடைக்காரர், தையற்காரர், வட்டிக்கடைக்காரர், சாராயக்கடைக்காரர். இவர்கள் எல்லாரும் கூலி நாளை எதிர்பார்த்து வாழ்ந்தவர்கள். சுரங்கத்தின் சங்கு இவர்களுக்கும் கடிகாரமாக இருந்தது.

1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ஒரு கிளை ரயில்பாதை போட்டார்கள். இயந்திரங்களும் கரியும் மரமும் ஆட்களும் வருவதற்காக அமைந்த பாதை அது. சுரங்கம் மூடியபின் அந்தப் பாதையில் போக்கு திசைமாறியது. விடியும் முன்னரே மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கட்டட வேலைக்கும், அலுவலகங்களுக்கும், கடைகளுக்கும், காவலாளி வேலைக்கும். வைண்டிங் இன்ஜின் டிரைவர், டிராம் தள்ளுபவர், உளிக் கொல்லர் என்ற பெயர்கள் அந்தப் பெட்டிகளில் இன்று யாருக்கும் உரியவை அல்ல. தம் தாத்தாவுக்கு எது உரியது என்று கேட்டால் சொல்லக்கூடிய சிலர் அவற்றில் இன்னும் பயணம் செய்கிறார்கள்.